கேட்டின் கீழே நாலு விரல்

எங்கள் வீடு பாளையங்கோட்டை மகாராஜநகர் பக்கம். வாசலில் பத்தடி அகலம், ஐந்தடி உயரத்துக்கு ரெண்டு கதவு இரும்பு கேட். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் ஆள் வைத்துப் பெயிண்ட் அடித்தோம். மழைக்கு முன்னால் முடிக்கிற அவசரம் அவருக்கு. துருவின் மேலேயே பச்சையை இழுத்துவிட்டுப் போய்விட்டார். பங்குனிக்குள் அப்பளம் மாதிரி பொரிந்து வந்தது. இந்தத் தடவை நானே இறங்கினேன்.

முதலில் கேட்டின் அடியில் குனிந்து பாருங்கள். எங்கள் கேட்டில் மேலெல்லாம் சுமாராக இருக்க, கீழே நாலு விரல் உயரத்துக்கு மட்டும் இரும்பு செதில் செதிலாக உரிந்திருந்தது. காரணம் நான்தான். தினமும் வாசல் தெளிக்கிற தண்ணீர் அங்கேதான் தெறிக்கிறது. அதுவும் உப்பு போர் தண்ணீர். போதாததற்கு அடிச்சட்டத்தின் உள்பக்கம் மண்ணும் வேப்பஞ்சருகும் அடைந்து, ஈரம் காய வழியே இல்லை. ஒரு பழைய கரண்டிக் காம்பை விட்டு நோண்டினேன். அரைச் சட்டி மண் வந்தது. இதை எடுக்காமல் எவ்வளவு விலைக்குப் பெயிண்ட் வாங்கினாலும் வீண்.

தை கடைசியிலிருந்து பங்குனி வரை இந்த வேலைக்கு நல்ல காலம். மார்கழிப் பனியில் இரும்பு வேர்த்து நிற்கும். சித்திரை வெயிலில் கம்பியைத் தொடவே முடியாது, பிரஷை இழுக்கும்போதே பெயிண்ட் கோடு கோடாக இறுகிவிடும். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சாரல். நமக்கு அந்தக் காற்று மட்டும், புழுதியோடு.

சுரண்டுவதற்கு மட்டும் எனக்கு ஒன்றரை நாள் ஆனது. பெயிண்ட் அடித்த நேரம் அதில் பாதிகூட இல்லை. பட்டித் தகட்டால் பொரிந்ததைப் பெயர்த்து, கம்பி பிரஷ் போட்டு, பிறகு 80 நம்பர் உப்புத்தாள். கெட்டியாக ஒட்டியிருக்கிற பழைய பெயிண்டை முழுக்க எடுக்க வேண்டாம், பளபளப்பு போகத் தேய்த்தால் போதும். ஆனால் உரிந்த இடத்தின் ஓரம் விரலில் தட்டக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள், தெரிந்துவிடும். இன்னொன்று, வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின பெயிண்ட் என்றால் நனைத்துத் தேய்க்கிற தாளை வாங்கி ஈரமாகவே தேய்யுங்கள். மாஸ்க் போடுங்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.

தேய்த்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவித் துடையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், நான் ரெண்டு குடம் ஆற்றுத் தண்ணீர் செலவழித்தேன். உவரியில் என் நாத்தனார் வீடு கடலைப் பார்த்தது. அங்கே ரெண்டு தடவை கழுவ வேண்டும். பெயிண்டுக்கு அடியில் மாட்டிய உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் விடும். நன்றாகக் காய்ந்த பிறகு அன்றைக்கே பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடித்துவிட வேண்டும். வெற்று இரும்பை ராத்திரி விட்டுவைத்தால் காலையில் செம்மை தட்டி நிற்கும்.

பிரைமர் ரெட் ஆக்சைடு, ஒரு கை. கீழ் நாலு விரலுக்கு மட்டும் ரெண்டு கை. எங்கள் பக்கச்சுவர்க் கம்பிகள் ஜிஐ பைப், துத்தநாகம் பூசிய இரும்பு. அதைச் சொன்னதும் பெயிண்ட் கடைப் பையன், "யக்கா, அதுக்கு நேரே எனாமல் அடிச்சிராதீய, பாளம் பாளமா வந்துரும்" என்றான். சரிதான். துத்தநாகப் பூச்சும் எனாமலில் இருக்கிற எண்ணெய்ச் சத்தும் சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலம் ஆகிவிடும். அதற்கென்று ஜிஐ பிரைமர் தனியாக இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

எனாமல் ரெண்டு கை, மெல்லிசாக. பனி உலர்ந்து எட்டரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்குள் முடித்தேன். முதலில் ஒரு இஞ்சு பிரஷால் கம்பி சேருகிற மூலைகள், அப்புறம் கம்பிகள், கடைசியில் சட்டம். ஒரு பக்கம் முடித்ததும் மறுபக்கம் போய்ப் பாருங்கள், வழிசல் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு ராத்திரி காயவிட்டு, 320 தாளால் லேசாகத் தடவித் துடைத்துவிட்டு ரெண்டாவது கை. மொத்தம் ஒன்றரை லிட்டர் பிடித்தது. கீலுக்கு எண்ணெய் விடுவதை எல்லாம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலேயே விட்டால் ஒழுகி, அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது.

அன்று ராத்திரி கேட்டைச் சாத்தக் கூடாது. சாத்தினால் ரெண்டு கதவும் ஒன்றோடொன்று ஒட்டி, காலையில் பிய்த்தெடுக்க வேண்டி வரும். எங்கள் தெருவில் திறந்த கேட் என்றால் ஆடுகளுக்கு அழைப்பு. வீட்டுக்காரர் திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டுப் படுத்துக்கொண்டார். நான் மறுநாள் வாசலைத் தெளிக்காமல் கூட்டி மட்டும் விட்டேன்.