பகா எண் சோதனையை ஏமாற்றும் பகு எண்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் எண் பகா எண்தானா என்று விரைவாகப் பார்க்க, ஃபெர்மா 1640இல் குறிப்பிட்ட சிறிய தேற்றத்தையே பலரும் நிரலில் எழுதுகிறார்கள். ஒரு பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். மீதி வேறாக இருந்தால் நாம் சோதித்தது பகு எண் என்பது உறுதி. ஆனால் மீதி 1 வந்ததாலேயே அதைப் பகா எண் என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு.

11ஐ 31ஆல் பெருக்கினால் கிடைக்கும் 341ஐப் பாருங்கள். 2¹⁰ என்பது 1024. 341இன் மும்மடங்கு 1023. ஆகவே 2¹⁰க்கு மீதி 1, அதன் 34ஆம் அடுக்கான 2³⁴⁰க்கும் மீதி 1. பகு எண்ணான 341 இப்படிச் சோதனையில் தேறிவிடுகிறது.

அடிமானத்தை, அதாவது அடுக்குக்கு உயர்த்தும் எண்ணை, 2இலிருந்து 3 என மாற்றினால் மீதி 56 வந்து 341 அகப்பட்டுவிடும். இதைக் கண்டு, அடிமானத்தை மாற்றிக்கொண்டே போனால் எல்லாப் பகு எண்களும் சிக்கிவிடும் என்று நம்புவது அதைவிடப் பெரிய தவறு. 561 (3×11×17), தன்னுடன் பொதுக் காரணி இல்லாத எல்லா அடிமானங்களிலும் தேறிவிடுகிறது; காரணிகள் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்தால் வரும் 2, 10, 16 ஆகிய மூன்றும் 560ஐ மீதியின்றி வகுப்பதே இதற்குக் காரணம். இத்தகைய கார்மைக்கேல் எண்கள் முடிவின்றி உள்ளன என்று ஆல்ஃபோர்ட், கிரான்வில், பொமரன்ஸ் மூவரும் 1994இல் நிறுவினர்.

எனவே ஃபெர்மா சோதனையோடு நிற்காமல் மில்லர்–ராபின் சோதனைக்குச் செல்வதே முறை. அது இறுதி மீதியை மட்டுமன்றி, அதற்கு வந்த வழியையும் பார்க்கிறது. 561இல், அடுக்கான 560ஐப் பாதி பாதியாகக் குறைத்தால், 2²⁸⁰க்கு மீதி 1, ஆனால் 2¹⁴⁰க்கு மீதி 67. பகா எண்ணால் வகுக்கும்போது, வர்க்கத்தின் மீதி 1 ஆக வேண்டுமானால் மூல எண்ணின் மீதி 1 ஆகவோ அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவாகவோதான் இருக்க முடியும். 67 இரண்டுமல்ல என்பதால் 561 பகு எண் என்று தெரிந்துவிடுகிறது.

இச்சோதனையிலும் 2, 3, 5, 7 ஆகிய அடிமானங்கள் போதும் என்று விட்டுவிடக் கூடாது. 3215031751 என்ற பகு எண் நான்கிலும் தேறிவிடுகிறது. 64 பிட்டுக்குள் அடங்கும் எண்களுக்கு, 37 வரையிலான 12 பகா எண்களை அடிமானமாக வைத்தால் விடை உறுதியானது. அதைவிடப் பெரிய எண்ணைப் பிறர் தரும்போது, அடிமானங்களை ஒவ்வொரு முறையும் சோதிப்பவரே தற்போக்காகத் தெரிவுசெய்ய வேண்டும். அப்போது ஒரு பகு எண் ஒரு சுற்றில் தப்பும் வாய்ப்பு கால் பங்கைத் தாண்டாது, சுற்றுகள் கூடக்கூட அது விரைந்து குறையும்.