பூஸ்டரைக் கடைசியில் வாங்குங்கள்: கஸ்டம் காருக்கு மாஸ்டர் சிலிண்டரும் பிரேக் பூஸ்டரும் தேர்ந்தெடுக்கும் முறை

கஸ்டம் கார் கட்ட இறங்குகிறவர்களில் பலர் பிரேக்குக்காக முதலில் வாங்குவது பூஸ்டரைத்தான். பளபளவென்று குரோம் பூசி, மிதித்ததும் பிரேக் எண்ணெயை லைனுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே விற்கிறார்கள். ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் பகுதிக்கும் நடுவில் உள்ள தகட்டில்) மாட்டிப் பார்த்தால் எடுப்பாகத்தான் இருக்கும். ஓட்டும்போதுதான் தெரியும், பெடல் பாதி தூரம் சும்மா இறங்குகிறது, அல்லது கல் மாதிரி இறுகி நிற்கிறது. தேர்வு சக்கரத்தில் தொடங்க வேண்டும். அங்கிருந்து மாஸ்டர் சிலிண்டர், பெடல், எஞ்சின் என்று வந்தால் பூஸ்டர் எந்த அளவு என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் பூஸ்டருக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் தகர டப்பாதான் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் அதை இரண்டு அறையாகப் பிரிக்கிறது. கால் வைக்காதபோது இரண்டு அறையிலும் எஞ்சின் உறிஞ்சிய வேக்குவம் இருக்கும். மிதித்ததும் பெடல் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்று நுழையும். அந்தக் காற்றழுத்தம் டயாஃப்ரத்தைத் தள்ள, டயாஃப்ரம் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். ஆகவே கிடைக்கும் உதவி இரண்டே விஷயத்தில் அடங்கிவிடுகிறது: டயாஃப்ரத்தின் பரப்பு, வேக்குவத்தின் அளவு. வேக்குவம் போய்விட்டாலும் பிரேக் பிடிக்கும், ஆனால் முழுக்க உங்கள் கால் பலத்தில்.

படி 1: சக்கரத்தில் என்ன இருக்கிறது?

டிரம் பிரேக்கில் ஷூ (உரசும் கட்டை) டிரம்மில் உரசியதும் சுழற்சியே அதை இன்னும் இறுக்கிவிடும், அதனால் குறைந்த அழுத்தம் போதும். டிஸ்க்கில் அந்தச் சலுகை கிடையாது. அவசரமாக நிறுத்த லைனில் (பிரேக் எண்ணெய்க் குழாயில்) 900, 1000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை வேண்டியிருக்கும். பேட் (டிஸ்க்கில் உரசும் கட்டை) தேயத் தேய, அதை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பருக்குள் எண்ணெய் இறங்கிக்கொண்டே போவதால் மாஸ்டர் சிலிண்டரின் எண்ணெய் டேங்க்கும் பெரிதாக இருக்க வேண்டும்.

எனவே டிரம்முக்காக வந்த பழைய மாஸ்டர் சிலிண்டரை டிஸ்க் மாற்றிய காரில் அப்படியே விடாதீர்கள். டேங்க் சிறியது என்பது ஒரு காரணம். பல டிரம் சிலிண்டர்களுக்குள் லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ. தேக்கி வைக்கும் ரெசிடுவல் வால்வு இருக்கும் என்பது இன்னொன்று. டிரம்முக்கு அது தேவை, டிஸ்க்கில் அது இருந்தால் பேட் விலகாமல் உரசிக்கொண்டே ஓடும்.

ஒற்றைச் சர்க்யூட் சிலிண்டர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கழற்றிப் போட்டுவிட்டு, தனித்தனியான இரண்டு எண்ணெய்ப் பாதை உள்ள இரட்டைச் சர்க்யூட்டுக்கு மாறுங்கள். ஒற்றைச் சர்க்யூட்டில் ஒரு லைன் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அமெரிக்கக் கார்களில் 1967 மாடலையொட்டித்தான் இரட்டைச் சர்க்யூட் பொதுவழக்கமானது, அதற்கு முந்தைய வண்டி என்றால் நிச்சயம் திறந்து பாருங்கள்.

படி 2: மாஸ்டர் சிலிண்டரின் போர்

ஆரம்பக்காரர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், பெரிதானால் பிரேக்கும் பலமாகும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். அதே விசையில் சிறிய போர் அதிக அழுத்தம் தரும், ஆனால் பெடல் அதிக தூரம் இறங்கும். பெரிய போரில் அழுத்தம் குறையும், பெடல் உயரமாகவும் இறுக்கமாகவும் நிற்கும்.

பூஸ்டர் இல்லாத வண்டியில் கணக்குப் போடுவோம். காலால் 30 கிலோ மிதிக்கிறீர்கள், பெடல் அதை 6 மடங்காக்குகிறது, பிஸ்டனுக்குப் போவது 180 கிலோ. 1 அங்குலப் போரின் பரப்பு 5.07 சதுர சென்டிமீட்டர், ஆகவே அழுத்தம் சுமார் 505 பி.எஸ்.ஐ. அதையே 7/8 அங்குலப் போரில் (பரப்பு 3.88) மிதித்தால் சுமார் 660 பி.எஸ்.ஐ. போர் கொஞ்சம் சிறுத்ததற்கே இவ்வளவு வித்தியாசம்.

இதற்கு விலை தூரம். கேலிப்பர்களை நிரப்ப 1 அங்குல பிஸ்டன் 20 மி.மீ. நகர வேண்டும் என்றால், 7/8 பிஸ்டன் 26 மி.மீ. நகர வேண்டும். 6 மடங்கு பெடலில் அது கால் பக்கம் 120 மி.மீ., 157 மி.மீ. என்று ஆகும். பின்னது ஏறக்குறைய தரையைத் தொடும் தூரம்.

நடைமுறையில், பூஸ்டர் இல்லாத இலகுவான காருக்கு 7/8 அல்லது 15/16 அங்குலத்தில் தொடங்கலாம். பூஸ்டர் உண்டு, முன்பக்கம் டிஸ்க் என்றால் 1 அங்குலம் நல்ல தொடக்கம். நான்கு சக்கரத்திலும் பெரிய பல பிஸ்டன் கேலிப்பர் போட்டிருந்தால் மட்டும் 1 1/8 பக்கம் போங்கள். கேலிப்பர் செய்த நிறுவனம் ஒரு போர் அளவைச் சொல்லியிருந்தால் நான் சொன்னதை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: பெடலை அளந்து பாருங்கள்

டேப் எடுத்து, பெடல் தொங்கும் பின்னிலிருந்து கால் வைக்கும் பேடின் நடுவரை அளக்கவும். அதே பின்னிலிருந்து புஷ் ராடு (பெடலின் விசையைக் கொண்டுபோகும் தண்டு) மாட்டும் துளைவரை அளக்கவும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் பெடல் விகிதம். 36 செ.மீ.க்கு 6 செ.மீ. என்றால் 6. பூஸ்டர் இல்லாவிட்டால் 6 முதல் 7 வரை, பூஸ்டர் இருந்தால் 4 முதல் 5 வரை இருப்பது நல்லது. சில பழைய பெடல்களில் புஷ் ராடுக்கு இரண்டு துளை இருக்கும்: பின்னுக்கு அருகில் இருப்பது பூஸ்டர் இல்லாத அமைப்புக்கு, தள்ளி இருப்பது பூஸ்டருக்கு. பூஸ்டர் மாட்டிவிட்டு ராடை மேல் துளையிலேயே விட்டால், லேசாகத் தொட்டாலே வண்டி தலைகுனிந்து நிற்கும்.

படி 4: எஞ்சினில் வேக்குவம் எவ்வளவு?

இதைச் செய்யாமல் பூஸ்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள். இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில்) வேக்குவம் கேஜை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடானபின் ஐடிலிங்கில் படியுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, கியரில் போட்டு இன்னொரு முறை படிக்கவும், அளவு இறங்கும். நேரடி மேனிஃபோல்ட் வேக்குவமாக இருக்க வேண்டும். கார்புரேட்டரில் த்ராட்டிலுக்கு மேலே இருக்கும் போர்ட்டில் ஐடிலிங்கில் வேக்குவமே இருக்காது.

18 அங்குலம் மெர்க்குரி (வேக்குவத்தை அளக்கும் அலகு) காட்டினால் கவலை இல்லை. 15க்குக் கீழே போனால் பூஸ்டர் அரைகுறையாகத்தான் உதவும். காட்டமான கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட எஞ்சின் 10 காட்டினாலும் ஆச்சரியமில்லை. அது என்ன செய்யும் என்று எண்ணில் பாருங்கள். 8 அங்குல டயாஃப்ரத்தின் பரப்பு சுமார் 324 சதுர சென்டிமீட்டர். 18 அங்குல வேக்குவத்தில் அது அதிகபட்சம் 200 கிலோ தள்ளும், 10 அங்குலத்தில் 112 கிலோதான். 30 கிலோ மிதி, 4 மடங்கு பெடல், 1 அங்குலப் போர் என்று வைத்தால் லைன் அழுத்தம் சுமார் 900 பி.எஸ்.ஐ.யிலிருந்து 650க்கு விழுகிறது. பூஸ்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கப் போவதைக் கழித்தால் இரண்டுமே இன்னும் கொஞ்சம் குறையும்.

வேக்குவம் குறைவாக இருந்தால் வழிகள் உண்டு. தனி வேக்குவம் டேங்க் ஓரிரு மிதிக்கு மட்டும் கைகொடுக்கும். மின்சார வேக்குவம் பம்ப் உருப்படியான தீர்வு, சத்தம் மட்டும் கொஞ்சம் வரும். பவர் ஸ்டியரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோபூஸ்ட் பலமானது, எஞ்சின் வேக்குவத்தையே நம்பாதது, டப்பாவும் சிறியது. காட்டமான எஞ்சினுக்கு என் முதல் தேர்வு அதுதான். இலகுவான காருக்கு பூஸ்டரே இல்லாமல் 7/8 போரும் 6 மடங்கு பெடலும் போதும், அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. டர்போ எஞ்சின் என்றால் பூஸ்டர் ஹோஸில் நல்ல ஒருவழி வால்வு கட்டாயம். டீசலில் மேனிஃபோல்ட் வேக்குவத்தை எதிர்பார்க்க முடியாது, தனி பம்ப்தான்.

படி 5: இப்போது பூஸ்டர்

அட்டையை வட்டமாக வெட்டி ஃபயர்வாலில் வைத்து, வால்வு கவர், ஸ்டியரிங் தண்டு, ஹூட் எதிலும் இடிக்காத மிகப் பெரிய விட்டத்தைக் கண்டுபிடியுங்கள். இடம் இருந்தால் 9 அல்லது 11 அங்குல ஒற்றை டயாஃப்ரம். இடம் இல்லாவிட்டால் 7 அல்லது 8 அங்குல இரட்டை டயாஃப்ரம்: 7 அங்குல இரட்டையின் பரப்பு கிட்டத்தட்ட 10 அங்குல ஒற்றைக்குச் சமம், நீளம் மட்டும் கூடும். 7 அங்குல ஒற்றை அழகாக அடங்கும், ஆனால் நான்கு சக்கர டிஸ்க் உள்ள கனமான வண்டிக்கு அதைப் போடாதீர்கள்.

படி 6: மாட்டும்போது

பூஸ்டரின் புஷ் ராடு முனைக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் சுமார் அரை மி.மீ. இடைவெளி வேண்டும். இடைவெளி கூடினால் பெடலில் சும்மா ஆட்டம் இருக்கும். ராடு நீண்டுவிட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காது, எண்ணெய் டேங்க்குக்குத் திரும்பும் துளை மூடியே கிடக்கும், ஓட ஓட பிரேக் சூடாகி இறுகும். பிஸ்டனின் குழியையும் பாருங்கள்: பூஸ்டர் இல்லாத சிலிண்டரில் குழி ஆழமாகவும், பூஸ்டர் சிலிண்டரில் மேலோட்டமாகவும் இருக்கும். மாற்றி மாட்டினால் ராடு அளவு பொருந்தவே பொருந்தாது.

சிலிண்டரை மேசை வைஸில் பிடித்து, போர்ட்டிலிருந்து குழாய் விட்டு டேங்க்குக்கே திருப்பி, குமிழி நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டு அப்புறம் காரில் மாட்டுங்கள். பெரிய டேங்க் டிஸ்க் சர்க்யூட்டுக்கு. சிலிண்டர் காரின் தரைத்தகட்டுக்கு அடியில், கேலிப்பரை விடத் தாழ்வாக இருந்தால் டிஸ்க் லைனில் 2 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு வைக்க வேண்டும்.

படி 7: சோதனை

எஞ்சினை நிறுத்தி, பெடல் இறுகும்வரை பலமுறை மிதியுங்கள். காலை எடுக்காமல் எஞ்சினைப் போட்டால் பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர், ஒருவழி வால்வு, ஹோஸ் மூன்றில் ஒன்றில் பழுது. பிறகு ஆள் இல்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழலும், ப்ரொபோர்ஷனிங் வால்வில் பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கவும்.

சிறிது ஓட்டிய பிறகு ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டையும் தளர்த்தி அதை 2 மி.மீ. முன்னால் இழுங்கள். சக்கரம் விடுபட்டால் புஷ் ராடு அளவுக்கு மீறி நீளம் என்று பொருள். விடுபடாமல், ப்ளீடரை (காற்றை வெளியேற்றும் திருகை) திறந்ததும் விடுபட்டால் லைனில் அழுத்தம் தேங்குகிறது, ரெசிடுவல் வால்வையும் ஹோஸையும் பாருங்கள். இரண்டுக்கும் மசியாவிட்டால் கோளாறு கேலிப்பரிலேயே இருக்கிறது.