முட்டையின் கவிச்சி போன விதம்

மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறைக்கு மாறியபின், காலை இட்லிக்குப் பதிலாக நாள்தோறும் மூன்று அவித்த முட்டைகளை உண்ணத் தொடங்கினேன்; ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதமும் 1 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்துமே இருப்பதால் கணக்கு எளிதாக இருந்தது. இரண்டாம் வாரத்திலேயே கவிச்சி தாங்காமல் குமட்டியது. நறுக்கிப் பார்த்தால் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் கலந்த பச்சை வளையம். 20 நிமிடம் கொதிக்கவிட்டதுதான் பிழை: வேகும் நேரம் கூடினால் வெள்ளைக் கருவிலிருந்து வெளிப்படும் கந்தகம் மஞ்சள் கருவின் இரும்புச்சத்தோடு சேர்ந்து அவ்வளையத்தை உண்டாக்குகிறது. இப்போது கொதிநீரில் முட்டைகளைக் கரண்டியால் மெல்ல இறக்கி, 10 நிமிடத்தில் எடுத்து, உடனே பனிக்கட்டி நீரில் போட்டுவிடுகிறேன். வளையமும் இல்லை, வாடையும் இல்லை. மிளகுத்தூள் மட்டும் சற்றுத் தாராளமாகவே தூவிக்கொள்கிறேன்.