கல்யாணக் கேசட்டை டெக்கில் போடுவதற்கு முன்

ஏற்காட்டு வீடுகளிலிருந்து பழைய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் நகல் எடுக்கக் கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, இன்றைக்கே போட்டுப் பார்க்க வேண்டாம் என்பதுதான். மலைக்குளிரில் இருந்த டேப் சேலத்துச் சூட்டுக்கு இறங்கியதும், அதுவும் மழைக்காலத்தில், ஈரம் கோத்துக்கொள்ளும். ஈர டேப், டெக்கில் அதைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டினால் சுற்றிக்கொண்டு கிழியும். ஒரு ராத்திரி டப்பாவோடு அறையில் கிடக்கட்டும்.

அடுத்து எந்த வகைக் கேசட் என்று பாருங்கள். வழக்கமான வி.எச்.எஸ். கேசட்டைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால் பீட்டாமேக்ஸாக இருக்கலாம், வி.எச்.எஸ். டெக்கில் ஓடாது. செவ்வாய்ப்பேட்டையில் நான் வாடகைக் கேசட் கடை வைத்திருந்தபோது கடை முழுக்க வி.எச்.எஸ்.தான். சோனி 1975-இல் பீட்டாவைக் கொண்டுவந்தபோது அதில் ஒரு மணி நேரம்தான் பதிய முடிந்தது. மறுவருடம் வந்த ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். இரண்டு மணி நேரம் ஓடியது. ஜே.வி.சி. அதைச் செய்யும் உரிமையைப் பல கம்பெனிகளுக்கும் கொடுத்ததால் டெக் எங்கும் கிடைத்தது. பிறகு வந்த மூன்று மணி நேர ஈ-180 கேசட்டில் நம் படம் முழுசாக அடங்கியது, முகூர்த்தமும் அடங்கியது. அப்புறம் வி.சி.டி., டி.வி.டி. வந்து அதையும் ஓரங்கட்டின. 2016-இல், கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் டெக் செய்வதை நிறுத்திவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் பழைய டெக்தான்.

இப்போது கேசட்டின் ஜன்னலை வெளிச்சத்தில் பிடியுங்கள். சுருள் கறுப்பாகப் பளபளக்க வேண்டும். கோலமாவு தூவியது போல வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூசணம். போடவே கூடாது. என் தங்கை கல்யாணக் கேசட்டை ஒரு ஸ்டுடியோவில் அப்படியே போட்டு, தாலி கட்டும் இடத்தில் அறுத்துவிட்டார்கள். கசங்கிய ஒரு சாண் டேப்பை வெட்டிவிட்டு ஒட்டினேன். ஒரு சாண் என்றால் ஏறக்குறைய 9 விநாடி. நாத்தனார் மூன்றாவது முடிச்சு போடுவது அந்த 9 விநாடியில்தான் இருந்தது. இன்றும் ஆறவில்லை எனக்கு. பூசணம் பிடித்ததை, அதற்கென்றே ஒதுக்கிய டெக் வைத்துச் சுத்தம் செய்கிறவரிடம் கொடுங்கள்.

நல்ல கேசட் என்றால், முதுகுப் பக்கம் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் காதை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் மேலே ரெக்கார்டு ஆகாது. முழுக்க ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டினால் இறுக்கம் சீராகும். வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டு டெக்கைச் சோதித்த பிறகே இதைப் போடுங்கள்.

டெக்கை, படத்தைக் கம்ப்யூட்டரில் பதியும் கேப்ச்சர் கருவியோடு இணையுங்கள். மஞ்சள் ஒயர் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. கருவியில் நம் ஊர் டி.வி. முறையான பால் (PAL), படத்தின் அளவு 720×576 என்று வையுங்கள். படத்தில் கோடு ஓடினால் டெக்கில் இருக்கும் ட்ராக்கிங்கைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். முதல் பத்து நிமிடம் ஹெட்போனில் கேளுங்கள். கெட்டிமேளம் கரகரத்தால் ஒலியைக் குறைத்துத் திரும்பப் பதியுங்கள். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகத்தான் செய்யும்.

இரண்டு இடத்தில் நகல் வைத்த பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ரீவைண்ட் செய்து, புத்தகம் போல நிமிர்த்தி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.