கோவிலைச் சுற்றி ஐம்பது மீட்டர்: மலையைக் காக்கச் சாமியைத் துணைக்கு அழைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு மலையடி ஊரில் நாலைந்து இளைஞர்கள் என்னிடம் ஒரு மனுவைக் காட்டினார்கள். ஊருக்கு மேலே இருக்கும் கரட்டில் கல்குவாரிக்கு அளவெடுக்க ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறது. கலெக்டருக்கு எழுதியிருந்தார்கள். முதல் பத்தியிலேயே, "எங்கள் குலதெய்வம் வேடியப்பன் கோவில் அமைந்துள்ள ஆறு சென்ட் நிலம்" என்று இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் கைப்பட எழுதிய மனுவின் நகல் மாதிரியே இருந்தது.

மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்புவது, சர்வே எண்ணைத் தப்பாகப் போடுவது, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கூட்டம் முடியும்போது போய்ச் சேருவது, இதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை அலைந்தால் யாருக்கும் தானாகப் புத்தி வந்துவிடும். அலைந்தும் புத்தி வராத தவறுகள் வேறே.

சாமியை ஆறு சென்ட்டுக்குள் அடைப்பது

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

நான் வேலை பார்த்த ஊரிலும் வேடியப்பன்தான். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பல ஊர்களில் பழைய நடுகல்லையே வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். இங்கேயும் ஒரு நடுகல், அதன்மேல் ஊர் சேர்ந்து போட்ட தகரக் கொட்டகை, பக்கத்தில் ஒரு புளியமரம். கோவில் இருப்பது மலையடிவாரத்தில். ஆனால் பொங்கல் வைக்கும் தண்ணீர் மேலே இருக்கும் சுனையிலிருந்துதான் வரவேண்டும். விடிவதற்கு முன் பெண்கள் குடத்தோடு ஏறுவார்கள். பாதி வழியில் ஒரு பாறை உண்டு, அங்கே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். இத்தனையையும் நான் கூடவே ஏறிப் பார்த்தவன். மனுவில் ஒரு வரிகூட எழுதவில்லை. 'கோவிலுக்கு எந்தப் பாதிப்பும் வராமல் காக்க வேண்டும்' என்று எழுதினேன். சட்டப்படி பேசுகிறோம் என்று நினைப்பு.

சர்வேயர் வந்தார். கொட்டகையின் நாலு மூலையிலிருந்தும் ஐம்பது மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். கொஞ்ச நாளில் பதில் கடிதம் வந்தது: கோவிலுக்குப் போதிய இடைவெளி விடப்பட்டுள்ளதால் மனுதாரரின் கோரிக்கை ஏற்கப்படுகிறது. ஏற்கப்படுகிறதாம்! மலையின் மறுபக்கத்தில் வெடி வைக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது கோடையில் சுனை வற்றிப்போனது. கோவிலுக்கு ஒரு கீறலும் இல்லை, இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. பொங்கலுக்கு டிராக்டர் டேங்கரில் தண்ணீர் வருகிறது. பூசாரியிடம் போய் என்னவோ ஆறுதல் சொல்லப் பார்த்தேன். "தம்பி, நீ கேட்டதத்தான குடுத்தாங்க" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

இதையே நியம்கிரி மக்கள் எப்படிச் செய்தார்கள் என்று பிற்பாடுதான் கவனித்தேன். ஒடிசாவில் ராயகடா, காளஹண்டி மாவட்டங்களில் நிற்கும் மலைத்தொடர் அது. அங்கே வாழும் டோங்கிரியா கோந்த் பழங்குடி மக்களுக்கு அந்த மலையே நியம்ராஜா என்ற சாமி. உச்சியில் பாக்சைட், அலுமினியம் எடுக்கும் தாது. அடிவாரத்து லாஞ்சிகரில் வேதாந்தாவின் அலுமினா ஆலை. ஆலைக்காக உச்சியில் சுரங்கம் வெட்டும் திட்டத்தின்மேல் வந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு, வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. தீர்ப்புக்குள் ஒரு கண்ணி இருந்தது. சாமி இருக்கும் சிகரத்திலிருந்து சுரங்க இடம் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அப்படியும் சாமியின் இருப்பிடம் பாதிக்கப்படுமா என்று சபைகள் பார்க்க வேண்டும். என் சர்வேயரின் ஐம்பது மீட்டர், அங்கே பத்துக் கிலோமீட்டர். கேள்வி ஒன்றுதான்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 12 ஊர்களில் சபை கூடியது. நியம்ராஜா ஒரு சிகரத்தில் மட்டும் குடியிருப்பவர் அல்ல, ஓடை, காடு, கிழங்கு, பழம் எல்லாமே அவர்தான் என்று மக்கள் பேசினார்கள். பன்னிரண்டு ஊரும் வேண்டாம் என்றது. 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்தை நிராகரித்தது. அவர்கள் சொன்னதில் பக்தி மட்டும் இல்லை, நிலத்தடி நீர்க் கணக்கும் இருக்கிறது. உச்சியில் இருக்கும் பாக்சைட் படிவம் துளை துளையாக இருப்பதால் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையிலும் கசிய விடும். வம்சதாரா ஆறு புறப்படுவதும் அந்த மலைப் பகுதியில்தான்.

2013 ஆகஸ்ட் 13. நியம்கிரித் தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி இன்னொரு தீர்ப்பு எழுதினார். உத்தராகண்டில் அலக்நந்தா ஆற்றில் 330 மெகாவாட் நீர்மின் திட்டம். தாரி தேவி கோவில் நீரில் மூழ்கும் என்பதால் சிலையை அதே இடத்தில் உயரே தூக்கி வைக்க ஏற்பாடு. இதனால் வழிபாட்டு உரிமை பறிபோகிறது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தூக்கி வைக்க முடிகிற சாமி என்று ஆகிவிட்டால் தூக்கி வைத்துவிடுவார்கள். ஆனால் அதே தீர்ப்பில் ஆற்றைப் பற்றிய வாதம் எடுபட்டது: மறு உத்தரவு வரும்வரை உத்தராகண்டில் புதிய நீர்மின் திட்டம் எதற்கும் சுற்றுச்சூழல் அனுமதியோ வன அனுமதியோ தரக்கூடாது, ஏற்கெனவே கட்டிய திட்டங்களுக்கும் அந்த ஜூனில் அங்கே வந்த பெருவெள்ளத்துக்கும் தொடர்பு உண்டா என்று நிபுணர் குழு ஆராய வேண்டும் என்று உத்தரவு. இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

நம் அரிட்டாபட்டியில் இந்தக் கண்ணியில் யாரும் காலை விடவில்லை. மதுரைப் பக்கத்து அந்த ஊரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விட்ட பரப்பு சுமார் 2,015 ஹெக்டேர். 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த 193 ஹெக்டேர் சொச்சம் அதற்குள் வருகிறது. எதிர்ப்பு வலுத்ததும் 2024 டிசம்பர் கடைசியில் மத்திய அரசு, அந்தத் தலத்தை விட்டுவிட்டு எல்லையை மறுபடி வரையலாமா என்று ஆராயச் சொன்னது. அதாவது, கோவிலை விட்டுவிடுகிறோம், மற்றதைக் கொடுங்கள். மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் 'ரொம்ப நன்றி' என்று வீட்டுக்குப் போகவில்லை. ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலமே ரத்தானது.

ஆகவே எல்லை எழுதப் போகிறவர்கள் கோவில் எங்கே என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் செருப்பைக் கழற்றுகிறீர்கள், திருவிழாத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மரத்தில் கத்தி வைக்க மாட்டீர்கள், நேர்ந்துவிட்ட கிடா எதுவரை மேயும் என்று கேளுங்கள். அந்தப் பதில்களை வரைபடத்தில் குறித்தால் ஆறு சென்ட் நிலம் பாதி மலையாக விரியும். விரிய வைப்பது நீங்கள் அல்ல, அங்கே ஏற்கெனவே இருப்பது அதுதான்.

வெள்ளம் வந்தால் 'சாமி குத்தம்' என்று முடித்துவிடுவது

தாரி தேவி சிலையை எடுத்தது 2013 ஜூன் 16. அன்று சாயங்காலமும் மறுநாளும்தான் கேதார்நாத்தில் வெள்ளம். அம்மன் கோபம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்கிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் நாம் அதை மைக்கில் சொல்லக்கூடாது. சாமி செய்தது என்றால் மலையை வெட்டிச் சாலை போட்டவன், சுரங்கம் குடைந்தவன், தோண்டிய மண்ணை ஆற்றில் தள்ளியவன் எவனும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பரிகாரப் பூசையோடு வழக்கு முடிந்துபோகும்.

இதன் மறுபக்கமும் தவறுதான். பட்டணத்திலிருந்து புரொஜெக்டரோடு போய் 'காலநிலை மாற்றம்' என்று ஒரு மணி நேரம் பேசுவது. மலையில் இருப்பவர்களிடம் ஆடியில் சாரல் உண்டா, எந்தத் திருவிழாவுக்கு ஓடையில் தண்ணீர் ஓடும், இப்போது ஓடுகிறதா என்று கேட்டாலே போதும். நாள் கணக்கைத் திருவிழாவை வைத்துத்தான் சொல்வார்கள். நாற்பது வருஷ மழைக் கணக்கு அதற்குள் இருக்கிறது.

குவாரிக்காரர் பணத்தில் கும்பாபிஷேகம்

வாங்காதீர்கள். அலங்கார வளைவு, மைக் செட், அன்னதானம் எதுவும் வேண்டாம்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். நியம்கிரி விவகாரத்தில் இங்கிலாந்துத் திருச்சபை 2010 பிப்ரவரியில் வேதாந்தாவில் தன்னிடமிருந்த பங்குகளை விற்றுவிட்டது. ஒரு சபை தன் உண்டியலைத் திறந்து பார்த்தது. நம் பக்கம் பங்குத்தந்தையோ தர்மகர்த்தாவோ ஜமாத் தலைவரோ மலைக்காக அறிக்கை விட வந்தால், நன்கொடை நோட்டை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பணிவாகச் சொல்லுங்கள். நான் சொல்லியிருக்கிறேன். ஒருவர் திரும்ப வரவே இல்லை.

எல்லாரும் நுழைய முடியாத கோவிலைக் கேடயமாகப் பிடிப்பது

காலனிக்காரர்கள் உள்ளே வரக்கூடாத கோவிலைக் காக்கக் காலனிக்காரர்களும் சாலையில் உட்கார வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பீர்கள்? கேட்டிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். காலனியிலிருந்து ஒருவர் மட்டும் எழுந்தார். "குவாரி வந்தா எங்களுக்கு வேலையாச்சும் கெடைக்கும்ணே" என்றார். தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அந்தப் போராட்டம் அந்த மாலையிலேயே முடிந்துவிட்டது, நாங்கள்தான் இன்னும் எட்டு மாதம் நடத்திக்கொண்டிருந்தோம். முதல் மரியாதைத் தகராறு இருக்கும் ஊரிலும் இதே கதைதான். இந்தக் கணக்கைத் தீர்க்காமல் மனு எழுத உட்காராதீர்கள்.

வற்றிய பிறகு அளக்கப் போவது

கல்மலையில் தண்ணீர் நிற்பது மேலே மக்கிய மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும்தான். குவாரிக் குழி அந்தக் கசிவு மட்டத்துக்குக் கீழே இறங்கினால், சுனைக்குப் போக வேண்டியது குழிக்குப் போகும். குழித் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து வெளியே விடுவார்கள். 'இங்கே எப்போதும் வறட்சிதானே' என்று அதிகாரி சொல்லும்போது உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

வேலை சுலபம். ஒரே குடம், ஒரு கைக்கடிகாரம். குடம் நிரம்ப எத்தனை நொடி என்று மாதம் ஒரு தடவை எழுதுங்கள். அமாவாசைக்கு விளக்கேற்றப் போகிற ஊரானால் அன்றைக்கே அளந்துவிடலாம், நாள் மறக்காது. கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டம் குறியுங்கள். ஒரு முழு வருஷம் வெடி வைப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பிறகு அந்த நோட்டைக் கிராம சபையில் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, கூட்டம் கலைவதற்குள் கையெழுத்து வாங்குங்கள். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட தீர்மானம் எதுவும் நாம் சொன்ன வார்த்தைகளில் புத்தகத்தில் ஏறி நான் பார்த்ததில்லை.

பெரிய சாமியாரை அழைத்து வருவது

கூட்டம் அவருக்கு வரும், மலைக்கு வராது.

பெண்களைக் கேட்காமல் படம் போடுவது

அந்த இளைஞர்கள் மனுவோடு ஒரு வரைபடமும் போட்டிருந்தார்கள். கலர் பென்சில், திசை, அளவு எல்லாம் கச்சிதம். சுனை இரண்டு காட்டியிருந்தார்கள். படத்தை எடுத்துக்கொண்டு நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போனோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். வெயில் சாய்வதற்குள் படத்தில் ஏழு சுனை இருந்தது. கோடையில் நிற்பது எது, மாடு குடிப்பது எது, பொங்கலுக்கு எடுப்பது எது, பிள்ளை பெற்றவளுக்கு முதல் தண்ணீர் எதிலிருந்து என்று தனித்தனியாகச் சொன்னார்கள். ஒரு பாட்டி மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொன்னு இருக்குது, அத எழுத வேண்டாம்" என்றார்.

எழுதவில்லை.