சித்ரா பௌர்ணமி: எங்கள் வீட்டில் கும்பிடும் முறை

சித்ரா பௌர்ணமி எமதர்மனின் கணக்குப்பிள்ளையான சித்திரகுப்தருக்கு உரிய நாள். நானும் கணக்குப்பிள்ளைதான். திருநெல்வேலியில் ஒரு அரிசி மண்டியில் 31 வருடம் சிட்டையும் பேரேடும் எழுதினேன். அதனால்தானோ என்னவோ, தீபாவளிக்கு இல்லாத கெடுபிடி எனக்கு இந்த நாளில் வந்துவிடும். சென்னையில் ஃபிளாட்டில் இருக்கும் மருமகள், "மாமா, இதை இங்கே எப்படிச் செய்வது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதுதான் இது.

முதலில் நாள். 2025-இல் மே 12. 2026-இல் மே 1. அன்றைக்குச் சித்திரை நட்சத்திரம் இல்லையே என்று குழம்ப வேண்டாம். சில வருடம் சேரும், சில வருடம் தள்ளிப்போகும். சித்திரை மாதத்தில், சாயங்காலம் நிலா எழும்போது பௌர்ணமி திதி இருக்கிறதா என்று பஞ்சாங்கத்தில் பாருங்கள், போதும்.

காலையில் குளித்துவிட்டு விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, அதிலும் உப்பு கிடையாது. பசும்பால், தயிர், நெய்யும் ஆகாது. காமதேனுவின் வயிற்றில் பிறந்தவர் சித்திரகுப்தர், அதனால் பசு அவருக்குத் தாய். ஊரில் எருமைப்பால் வாங்குவோம். பாக்கெட் பாலில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? தேங்காய்ப்பாலில் வெல்லம் போட்டுப் பாயசம் வைத்துவிடுங்கள். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். நானே இரண்டு வருடமாகக் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை போடுகிறேன்.

சாயங்காலம் நடுவீட்டைத் துடைத்து, பச்சரிசி மாவில் அவரை வரைய வேண்டும். உட்கார்ந்த உருவம், வலது கையில் எழுத்தாணி, இடது கையில் ஏடு. படம் அழகாக வர வேண்டும் என்பதில்லை. நான் வரைந்தால் மீசை வைத்த பூசணிக்காய் மாதிரிதான் இருக்கும். ஆனால் சுற்றிப் போடும் கட்டத்தை நான்கு பக்கமும் அடைத்துவிடாதீர்கள். ஒரு வருடம் நான் அடைத்துவிட்டேன். "வந்தவன் எந்த வழியா வெளிய போவான்? இங்கேயே உக்காந்து ஒன் கணக்கையே பாக்கட்டும்னா?" என்றாள் என் ஆச்சி, அம்மாவைப் பெற்றவள். அன்றிலிருந்து தெருவாசல் பார்த்து ஒரு சாண் இடைவெளி விடுகிறேன்.

படத்தின் முன்னால் ஒரு புது நோட்டு, பேனா. பக்கத்தில் விளக்கு, பாயசம், மாம்பழம், நுங்கு, வெள்ளரிக்காய், பானகம். அந்தப் பருவத்தில் கிடைப்பது எதுவானாலும் சரி.

அப்புறம் எழுத்து வேலை. "மலையளவு பாவத்தைக் கடுகளவாக்கு, கடுகளவு புண்ணியத்தை மலையளவாக்கு" என்று காகிதத்தில் எழுதி வைப்பது வழக்கம். எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு கணக்குப்பிள்ளையிடம் போய்க் கூட்டிக் குறைத்து எழுதச் சொல்வதா? மண்டியில் அப்படிக் கேட்டவர்களிடம் நான் முகம் கொடுத்தே பேசியதில்லை. ஆச்சி எழுதச் சொன்னாள் என்பதற்காக அந்த வரியை எழுதிவிடுவேன். ஆனால் அதற்குக் கீழே கோடு போட்டுப் பற்று, அதாவது செய்த தப்பு ஒரு பக்கம், வரவு, அதாவது செய்த நல்லது ஒரு பக்கம் என்று அந்த வருடத்துக் கணக்கையும் எழுதுவேன். நீங்களும் எழுதுங்கள். "பொய் சொன்னேன்" என்று மொத்தமாக எழுதினால் அது பதிவே இல்லை. யாரிடம், எதற்கு, எவ்வளவு என்று இருக்க வேண்டும். என் பற்றில் முதல் வரி எல்லா வருடமும் ஒன்றுதான். 2003-இல் மூட்டை தூக்கும் ஒருவருக்குக் கூலியில் 40 ரூபாய் குறைத்து எழுதிவிட்டேன். கூட்டல் பிழை. மாதக் கடைசியில் கண்டுபிடித்தபோது அவர் வேலையை விட்டுப் போயிருந்தார். ஊர் தெரியவில்லை. நேராகாமல் நிற்கும் பாக்கியை அடுத்த வருடப் பேரேட்டுக்குக் கொண்டுபோவதுதானே முறை?

எழுதி முடித்ததும் யாராவது சித்திரபுத்திர நயினார் (சித்திரகுப்தரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) கதையை வாசிக்க, மற்றவர்கள் கேட்பது தென் மாவட்ட வழக்கம். புத்தகம் கிடைக்காவிட்டால் தெரிந்தவரை வாயால் சொல்லுங்கள். எங்கள் தெருவில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இதைச் சித்திரா பூரணை என்பார். அங்கே அது, தாயை இழந்தவர்கள் அந்தத் தாயை நினைத்து இருக்கும் விரதம். ஆச்சி போன பிறகு என் அம்மாவும் அப்படியே நினைத்து இருந்தாள்.

கோயிலுக்குத்தான் போவேன் என்றால் காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில் சித்திரகுப்தருக்குத் தனிக்கோயில் இருக்கிறது. அன்றைக்குக் கூட்டம் நெரியும். வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள்.

நிலா நன்றாக மேலே வந்ததும் சாப்பாட்டை மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். ஊரில் தாமிரபரணி மணலில் தூக்குச்சட்டியோடு உட்காருவோம். உப்பில்லாத சோறு முதல் நாலு வாய்க்குத்தான் தொண்டையில் நிற்கும். மாம்பழத்தைத் தொட்டுக்கொண்டால் இறங்கிவிடும்.

மாவுப் படத்தை இரவிலேயே துடைக்காதீர்கள். காலைக்குள் எறும்புகள் பாதி ஏட்டைத் தின்றிருக்கும், மீதியைக் கூட்டி அள்ளலாம். நோட்டில் எழுதிய தாளை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு, நோட்டையும் பேனாவையும் பள்ளிக்கூடம் போகிற ஏதாவது ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.