பழைய மாருதி 800: முதலில் தகரம், அப்புறம்தான் என்ஜின்

பழைய மாருதி 800 ஒன்றை வாங்கி ஆசையாக வைத்துக்கொள்ளலாம் என்று வருகிறவர்கள் எல்லாரும் முதலில் என்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்ஜினைக் கடைசியில் பாருங்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர். எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்த்துவிடுவார். பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் இன்றைக்கும் கிடைக்கிறது. துருப்பிடித்துத் தகரம் போன வண்டியைத்தான் மீட்க முடியாது. டிங்கரிங் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும்.

1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற கார் இது. 1986இல் பாடி மாறியது, 2000ஐ ஒட்டி, கார்பரேட்டருக்குப் பதிலாக எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. இடைப்பட்ட காலத்து நான்கு கியர், கார்பரேட்டர் வண்டிகளைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். திருச்சியில் என்னிடம் இருப்பது 1997 மாடல், வெள்ளை.

வண்டி பார்க்கப் பகலில் போங்கள். டிரைவர் பக்கத்துக் கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைக் கையால் தடவுங்கள். ஈரம் இருந்தால் பெரும்பாலும் முன் கண்ணாடி ரப்பர் பீடிங் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். கட்டைவிரலால் அழுத்தும்போது தகரம் மொறுமொறுவென்று உதிர்ந்தால் அந்தத் தரை இனி வெல்டிங்கையும் தாங்காது. அடுத்து பேட்டரித் தட்டின் அடிப்பக்கம், கதவின் கீழ் ஓரம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி. பானெட்டைத் திறந்து, முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை போல்ட் உட்காரும் இடத்தைப் பாருங்கள். அங்கே துருவோ ஒட்டு வெல்டிங்கோ இருந்தால் பேரமே பேச வேண்டாம், வந்துவிடுங்கள். முன்சக்கரத்தின் பாரம் முழுக்க அந்த இடத்தில்தான் நிற்கிறது.

ஃபிரிட்ஜில் ஒட்டி வைக்கும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கதவின் அடிப்பாகத்திலும் சக்கர வளைவிலும் மெதுவாக நகர்த்தினால், பிடி விட்டுப்போகிற இடத்தில் பெயின்டுக்கு அடியில் பட்டி (பள்ளத்தையும் துருவையும் மறைக்கப் பூசும் பசை) இருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை வெளியே எவ்வளவு கழுவினாலும், பெல்ட்டின் கடைசி முழத்தில் சேற்றுக் கறை தங்கிவிடும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின, அதனால் இதை விடவே கூடாது. கடலோரத்தில் ஓடிய வண்டியைவிட சேலம், தருமபுரிப் பக்கத்து வண்டி எனக்கு ஒரு படி மேல். பெயின்ட் மங்கியிருக்கும், தகரம் நன்றாக இருக்கும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டிய முதல் வேலைக்கு ஒரு ஈர்க்குச்சி போதும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிவதற்காகச் சின்னத் துளைகள் இருக்கும். தூசியும் மெழுகும் சேர்ந்து அவை அடைத்துக்கொள்ளும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் கதவுக்குள்ளேயே நிற்கும், கதவு உள்ளிருந்து அரிக்கும். குச்சியை விட்டு மெல்லச் சுழற்றினால் முதலில் செம்மண் குழம்பு வரும், பிறகு தெளிந்த தண்ணீர். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் செய்யுங்கள். துரு தொடங்கிய இடத்தைச் சுரண்டி, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, காய்ந்த பிறகுதான் பெயின்ட். துருவுக்கு மேலேயே அண்டர்பாடி கோட்டிங் அடித்துத் தரும் கடைக்காரரிடம் வண்டியை விடாதீர்கள். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் தின்னும்.

இனி என்ஜின். டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், முதல் வாரமே மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயிலும் அப்படியே. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வீல் சிலிண்டர் உள்ளே அரிக்கும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. நம் ஊர் போர் தண்ணீரில் பாத்திரத்தில் படிகிற அதே உப்பு ரேடியேட்டர் குழாயிலும் படியும், சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள், செலவு பெரிதில்லை.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். இந்த வண்டியின் ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் வண்டி நிற்கப் போகிறது என்றால், கார்பரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட் அடைத்துக்கொள்ளும், அப்புறம் "ஸ்லோ ஸ்பீடு நிற்கவில்லை, ஆக்ஸிலரேட்டரை விட்டால் என்ஜின் அணைகிறது" என்று மெக்கானிக்கிடம் போக வேண்டியிருக்கும்.

அதைவிட நல்லது ஓட்டுவது. வாரம் ஒரு முறை 20 கிலோமீட்டராவது, என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை. வீட்டு வாசலிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதால் கெடுதல்தான். சைலென்ஸருக்குள் தண்ணீர் கோத்துக்கொள்ளும், சூடு போதாததால் ஆவியாகாது, உள்ளிருந்து ஓட்டை விழும்.

பேப்பர் வேலையும் இருக்கிறது. 15 வருடம் ஆனதும் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, பசுமை வரியும் உண்டு. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருடம் தாண்டிய வண்டிக்கு இப்போது அதற்கும் மேல். வாங்கும்போதே ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் நம்பரை வண்டியில் உள்ள நம்பரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

ஓடும் பாகங்களுக்குத் தட்டுப்பாடு இல்லை. கஷ்டம் பீடிங், கதவுக் கைப்பிடி, டேஷ்போர்டு பிளாஸ்டிக் போன்ற சில்லறைச் சாமான்களில்தான். சென்னை போனால், பழைய வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கையிலேயே கொண்டுபோங்கள். கார்பரேட்டர் மாடலுக்கும் எம்.பி.எஃப்.ஐ. மாடலுக்கும் பல சாமான்கள் மாறும், வாயால் சொன்னால் எடுத்துக்கொடுப்பவருக்கும் குழப்பம். விரிசல் இல்லாத முன் கண்ணாடி பீடிங் கண்ணில் பட்டால், இப்போது தேவையில்லை என்றாலும் வாங்கி, பவுடர் தடவி, வளைக்காமல் நிழலில் வையுங்கள்.